கட்டளை மறைவதில்லை

கணினியொன்றின் முன்னே ஒருவர் அமர்ந்து கடிதம் தட்டெழுதிக்கொண்டிருக்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிவன வெண்ணிறத் திரையும் அதிலே வளர்ந்து செல்லும் வரிகளுமே. ஆயினும் அவ்வேளையிலே அந்தப் பெட்டியினுள்ளே நடைபெறும் வேலை அஃது ஒன்று மாத்திரமன்று. நேரத்தைச் சரிபார்ப்பது ஒன்று. வலைப்பின்னலின் வழியே வருவோரை எதிர்பார்த்திருப்பது ஒன்று. அச்சுப்பொறிக்குத் தாள்களை ஒழுங்காக அனுப்புவது ஒன்று. இவ்வாறு நூற்றுக்கணக்கான வேலைகள் ஒருங்கே நடைபெறுகின்றன. எல்லோரும் ஓசையின்றித் தத்தம் பணியைப் பார்க்கும் பெரிய அலுவலகம் ஒன்றைப் போன்றது அது.

இந்த வேலைகளுள் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் ஏவியிருத்தல் வேண்டும். ஏவியபோது அவர் சில சொற்களைச் சொல்லியிருப்பார். அச்சொற்கள் வேலை தொடங்கியதும் காற்றிலே கரைந்துவிடுகின்றனவா? அன்றி எங்கேனும் எழுதி வைக்கப்படுகின்றனவா? எழுதி வைக்கப்படுமாயின் அவற்றைப் படிக்க வல்லவர் யார்? இக்கேள்விகள் கணினித் தொழிலாளருக்கு மாத்திரம் உரியன அல்ல. வங்கிக் கணக்கும், வைத்தியசாலைக் குறிப்பும், பரீட்சைப் பெறுபேறும் கணினிகளிலே தங்கியிருக்கும் இக்காலத்தில், அவற்றின் திறவுகோல்கள் எவ்விடத்திலே சிந்துகின்றன என்பது எல்லோரும் அறியவேண்டிய செய்தியாகும்.

முதலிலே கணினிக்கு இடும் கட்டளையின் அமைப்பை நோக்குவோம். தமிழிலக்கணம் கற்றோருக்கு அது புதியதொன்றன்று. ‘வா’, ‘நட’ என்பன ஏவல் வினைகள். அவை தனித்து நின்றே பொருள் முடிவு பெறும். ஆனால், ‘கொடு’ என்று மட்டும் ஒருவனை ஏவினால் அவன் திகைத்து நிற்பான். எதனைக் கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது, எவ்வாறு கொடுப்பது என்பன அவனுக்குத் தெரிதல் வேண்டும். ‘நூலை மாணவனுக்கு விரைந்து கொடு’ என்னும்போதே ஏவல் முழுமை பெறுகின்றது. கணினிக் கட்டளையும் இத்தகையதே. ஒரே வேறுபாடு, அங்கே வினைச்சொல் முன்னே வரும். ஏனைய சொற்கள் அதனைப் பின்தொடரும்.

எடுத்துக்காட்டாக, கோப்பு ஒன்றைப் படியெடுக்கும் கட்டளையைக் கொள்ளலாம். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளிலே ‘சீ’, ‘பீ’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்களே அதன் வினைச்சொல். அதன் பின்னே படியெடுக்க வேண்டிய கோப்பின் பெயரும், படியை வைக்கவேண்டிய இடத்தின் பெயரும் வரும். இடையிலே சிறு கோடு ஒன்றை முன்னே கொண்ட ‘ஐ’ என்னும் எழுத்தைச் சேர்த்தால், அப்பெயரிலே வேறொரு கோப்பு ஏற்கெனவே இருப்பின் அழிக்குமுன் கேட்டுச் செய் என்பது பொருள். முன்னவை செயப்படுபொருளையும் இடத்தையும் சுட்டுகின்றன. பின்னையது வினையடையின் தொழிலைச் செய்கின்றது. வினையைத் தொடரும் இச்சொற்களை ஆங்கிலத்தார் ‘ஆகியூமென்ற்’ என்பர். இங்கே அவற்றைத் துணைச்சொற்கள் எனலாம்.

செய்நிரல் என்பது கட்டளைகளாக எழுதப்பட்டுக் கோப்பிலே உறங்கும் ஏடு. அவ்வேடு நினைவகத்தினுள்ளே ஏற்றப்பட்டு உயிர்பெற்று இயங்கும்போது அது செயன்முறை எனப்படும். ஒரே செய்நிரல் ஒரே வேளையிலே பத்துச் செயன்முறைகளாகவும் இயங்கலாம். ஒரே நாடகப் பிரதியைப் பத்துக் கழகங்கள் பத்து ஊர்களில் மேடையேற்றுவது போன்றதே இது. ஒவ்வொரு மேடையிலும் காட்சி வேறுபடுவதற்குக் காரணம் துணைச்சொற்கள் வேறுபடுவதே.

இச்சொற்கள் பிறர் காணத்தக்கனவாய் இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்திலே, 1969ஆம் ஆண்டில், கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் ‘யூனிக்ஸ்’ என்னும் பணிசெயல் முறைமையை ஆக்கத் தொடங்கினர். கணினி பெருவிலையுடைய பொருளாய் இருந்த காலம் அது. ஆளுக்கொரு கணினி என்பது கனவிலும் எண்ணத்தகாதது. ஒரே பொறியிலே பலர் பல தட்டெழுத்து முனையங்களிலிருந்து ஒருங்கே வேலை செய்தனர். ஒருவருடைய வேலை பொறியின் ஆற்றலை முழுவதும் விழுங்கினால் மற்றையோர் காத்திருக்க நேரிடும். ஆகவே, ‘இப்பொழுது இப்பொறியை வருத்துவது யாருடைய எந்த வேலை?’ என்று கேட்டறியும் உரிமை அங்கே எல்லோருக்கும் இயல்பாய் அமைந்தது. ஒரு கிணற்றிலே பல வீட்டார் நீரள்ளும்போது துலாவிலே நிற்பவர் யார் என்பதை மறைப்பாருமில்லை, மறைக்க வேண்டுவதுமில்லை. ஒருவரையொருவர் அறிந்து நம்பிய ஆய்வாளர் சிலரின் வழக்கம் அது. பின்னாளிலே முன்பின் அறியாத பல்லாயிரவர் கூடும் பொறிகளுக்கும் அவ்வழக்கமே தொடர்ந்து வந்தது. சிக்கலின் வேர் இங்கேயே இருக்கின்றது.

யூனிக்சிலே புதிய செயன்முறை ஒன்று பிறக்கும் விதம் விந்தையானது. இயங்கிக்கொண்டிருக்கும் செயன்முறை ஒன்று முதலிலே தன்னைத் தானே இரட்டித்துக்கொள்கின்றது. பிறந்த குழவி பெற்றோரின் நேர்ப்பிரதி. அடுத்து அக்குழவி தன் பழைய உருவைக் களைந்து வேறொரு செய்நிரலின் உருவை ஏற்கின்றது. உருமாறும் அந்தக் கணத்திலேதான் துணைச்சொற்கள் கைமாறுகின்றன. முறைமையின் கரு எனப்படும் நடுப்பகுதி அவற்றைப் படியெடுத்துப் புதிய செயன்முறையின் சொந்த நினைவிடத்திலே வரிசையாக அடுக்கி வைக்கின்றது. ஒவ்வொரு சொல்லின் முடிவிலும், ‘இச்சொல் இத்துடன் முடிந்தது’ என்பதற்கு அடையாளமாகச் சுழிக்குறி ஒன்று இடப்படும். செய்நிரல் விழித்தெழும்போது, சொற்கள் எத்தனை என்ற தொகையும் அவை இருக்கும் இடங்களின் வரிசையும் அதன் கையிலே கொடுக்கப்படும்.

ஒவ்வொரு செயன்முறைக்கும் கரு ஓர் எண்ணையும் வழங்குகின்றது. அவ்வெண், உரிமையாளர் பெயர், பெற்றோரின் எண், தொடங்கிய நேரம் முதலியனவெல்லாம் கருவிடமுள்ள இடாப்பிலே பதியப்படும். பாடசாலை வரவு இடாப்பைப் போன்றது அது. அந்த இடாப்பை வாசித்துக் காட்டும் கட்டளை ‘பீ’, ‘எஸ்’ என்னும் ஈரெழுத்துக்களால் ஆனது. 1970களின் தொடக்கத்திலேயே யூனிக்சிலே இடம்பெற்ற இக்கட்டளை இன்றும் அதே பெயரோடு வழங்குகின்றது.

ஆனால், தொடக்க காலத்திலே அது தன் வேலையைச் செய்த விதம் கரடுமுரடானது. சிறப்புரிமை பெற்ற அந்தச் செய்நிரல் கணினியின் முழு நினைவகத்தையும் திறந்து, கருவின் அட்டவணைகள் இன்ன இடத்திலே இருக்கும் என்று கணித்துத் தோண்டிப் படித்தது. கருவின் அமைப்பு சிறிது மாறினும் வாசிப்பு தவறிப்போகும். இக்குறையை நீக்கும் வழியொன்றைப் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த தொம் கிலியன் 1984ஆம் ஆண்டிலே எடுத்துரைத்தார். செயன்முறைகளையும் கோப்புக்களைப் போலவே காட்டினால் என்ன என்பதே அவர் கருத்து. வட்டிலே உண்மையாக எழுதப்பட்ட கோப்புக்கள் அல்ல அவை. ஒருவர் திறந்து படிக்க முற்படும்போது கரு அப்பொழுதே ஆக்கிக் கொடுக்கும் தோற்றங்கள்.

1991ஆம் ஆண்டிலே பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரிலே மாணவராயிருந்த லீனஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் முறைமையும் இவ்வழியையே பின்பற்றியது. அதிலே ‘புரொக்’ என்றொரு கோப்பகம் உண்டு. அதனுள்ளே ஒவ்வொரு செயன்முறைக்கும் அதன் எண்ணையே பெயராகக் கொண்ட உட்கோப்பகம் இருக்கும். அவ்வுட்கோப்பகத்திலே ‘கொமாண்ட் லைன்’ என்பதைச் சுருக்கிய பெயரோடு ஒரு கோப்பு காணப்படும். ஏவியபோது சொல்லப்பட்ட சொற்கள் யாவும் அக்கோப்பிலே முழுமையாக உள்ளன. இயல்பான நிலையிலே, அக்கணினியிலே கணக்குடைய எவரும் அதனைத் திறந்து படிக்கலாம்.

அதனை நேரே திரையிலே இட்டுப் பார்ப்போருக்கு முதலிலே ஓர் இடர்ப்பாடு நேரும். சொற்கள் யாவும் இடைவெளியின்றி ஒட்டி நிற்கும். ‘நூலைமாணவனுக்குவிரைந்துகொடு’ என்று எழுதியது போலத் தோன்றும். சொற்களைப் பிரிப்பது சுழிக்குறியாகையாலும், சுழிக்குறி கண்ணுக்குப் புலப்படாததாகையாலும் இவ்வாறு நேருகின்றது. சுழிக்குறிகளையெல்லாம் இடைவெளிகளாக மாற்றிக் காட்டும் எளிய கட்டளை ஒன்றைச் சேர்த்தால் வரி தெளிவாகும். ‘பீ எஸ்’ கட்டளையும் அவ்வாறே இடைவெளியிட்டுக் காட்டுகின்றது.

இடைவெளியையே பிரிப்பானாக முதலிலேயே வைத்திருக்கலாகாதா என்று ஒருவர் வினவலாம். துணைச்சொல் ஒன்றன் உள்ளேயே இடைவெளி வரக்கூடும் என்பதே விடை. ‘ஆண்டறிக்கை இறுதி’ என்பது ஒரே கோப்பின் பெயராய் இருக்கலாம். ‘ஆண்டறிக்கை’ என்றொரு கோப்பும் ‘இறுதி’ என்றொரு கோப்புமாக இரண்டாயும் இருக்கலாம். ‘பீ எஸ்’ காட்டும் வரியிலே இவ்விரண்டும் ஒரே தோற்றமுடையன. பழஞ்செய்யுளைச் சீர்பிரிக்கும்போது ஒருவர் ஒருவகையாகவும் மற்றொருவர் வேறுவகையாகவும் பொருள் கொள்வதுண்டன்றோ? அத்தகைய ஐயம் எழுமிடத்துச் சுழிக்குறியுள்ள மூலக் கோப்பே முடிவு கூறவல்லது.

விண்டோஸ் முறைமையிலே அமைப்பு வேறு. அங்கே சொற்கள் தனித்தனியே வழங்கப்படுவதில்லை. முழுக்கட்டளையும் ஒரே நீண்ட வாக்கியமாகக் கொடுக்கப்படும். அதனைச் சொற்களாகப் பிரிப்பது பெறும் செய்நிரலின் பொறுப்பு. அவ்வாக்கியம் ஏறத்தாழ 32,767 எழுத்துக்கள் வரை நீளலாம். அதனைக் காண்பதற்கு, ‘ராஸ்க் மனேஜர்’ எனப்படும் பணி முகாமைத் திரையிலே விவரப் பட்டியலைத் திறந்து, கட்டளை வரிக்குரிய நிரலையும் காட்டுமாறு தெரிவுசெய்தல் போதுமானது. ஆனால், பிற பயனருடைய செயன்முறைகளின் கட்டளைகளைக் காண்பதற்கு அங்கே பொதுவாக நிருவாகியின் உரிமை வேண்டும்.

இவ்வாறு காண்பதனால் விளையும் பயன் யாது? பெரிய சேவைக் கணினி ஒன்றிலே ‘ஜாவா’ மொழியில் எழுதப்பட்ட நான்கு சேவைகள் இயங்குகின்றன எனக் கொள்வோம். இடாப்பிலே பெயரை மாத்திரம் வாசித்தால் ‘ஜாவா, ஜாவா, ஜாவா, ஜாவா’ என்றே வரும். ஒரே வகுப்பிலே நான்கு கந்தசாமிகள் இருப்பது போன்ற நிலை அது. அவற்றுள் ஒன்று நினைவகம் முழுவதையும் விழுங்கிக்கொண்டிருக்கின்றது. அதனை மாத்திரம் நிறுத்தல் வேண்டும். எது சம்பளக் கணக்கு, எது நூலகப் பட்டியல் என்பதைத் துணைச்சொற்களே காட்டிக்கொடுக்கும். பெயரை மாத்திரம் நம்பிக் கைவைப்பவர் நல்ல சேவையைக் கொன்று கெட்டதை வாழவைத்தல் கூடும்.

மற்றொரு நிலையையும் நோக்கலாம். நிருவாகி ஒருவர் அமைப்புக் கோப்பிலே திருத்தம் செய்கிறார். சேவையை நிறுத்தி மீண்டும் தொடக்குகிறார். ஆயினும் பயன் யாதுமில்லை. மீண்டும் திருத்துகிறார், மீண்டும் அதே நிலை. பொழுது கழிகின்றது. இறுதியிலே அச்செயன்முறையின் துணைச்சொற்களைப் படித்தபோது உண்மை விளங்குகின்றது. ஏவியவர் அதற்குக் கொடுத்திருந்தது வேறொரு கோப்பகத்திலுள்ள பழைய அமைப்புக் கோப்பின் பெயர். இவர் திருத்திய ஏட்டை அது பார்த்ததே இல்லை. இத்தகைய இடங்களிலே, என்ன நடந்திருக்கக் கூடுமென்று ஊகிப்பதிலும் என்ன சொல்லி ஏவப்பட்டதென்று பார்ப்பதே அறிவுடைமை.

காணும் வழிகள் சில. ‘பீ எஸ்’ என்பதனோடு கோடிட்ட ‘ஈ’, ‘எஃப்’ என்னும் எழுத்துக்களைச் சேர்த்தால் எல்லாச் செயன்முறைகளும் துணைச்சொற்களோடு வரிசையாக வரும். திரையின் அகலத்துக்கு ஏற்ப வரி வெட்டப்படுவதுண்டு; ‘டபிள்யூ’ என்னும் எழுத்தை இருமுறை சேர்த்தால் வெட்டின்றி முழுவதும் தெரியும். கணந்தோறும் புதுப்பித்துக் காட்டும் ‘ரொப்’ என்னும் கட்டளையின் திரையிலே ‘சீ’ என்னும் எழுத்தை அழுத்தினால், வெறும் பெயர் மறைந்து முழுக்கட்டளை தோன்றும்.

இனி, இச்சான்றை எவ்வளவு நம்பலாம் என்பதையும் ஆராய்தல் வேண்டும். இடாப்பிலே செயன்முறையின் எண்ணையும் பெற்றோரையும் கருவே பதிகின்றது. அவற்றைப் பொய்யாக்குதல் எளிதன்று. துணைச்சொற்களோ செயன்முறையின் சொந்த நினைவிடத்திலே இருப்பவை. தன் வீட்டுச் சுவரிலே தான் எழுதிக்கொள்வது போல, செயன்முறை அவற்றை அழித்து வேறு எழுதலாம். கரு அதனைத் தடுப்பதில்லை. நல்ல நோக்கோடு இவ்வாறு செய்வோரும் உளர். ‘போஸ்ட்கிரெஸ்’ என்னும் தரவுத்தளம், தன் செயன்முறை ஒவ்வொன்றும் எந்தப் பயனருக்காக இப்பொழுது என்ன செய்கின்றது என்பதை அவ்விடத்திலே எழுதிக் காட்டுகின்றது. தீய நோக்கோடு செய்வோரும் உளர். திருட்டுத்தனமாகப் புகுந்த செய்நிரல், கருவுக்குரிய பணியொன்றின் பெயரைப் பூண்டு மறைந்து வாழ முயலும். மேலும், வரியின் முதற்சொல்லாகிய செய்நிரற் பெயருங்கூட, ஏவியவர் சொல்லிக் கொடுத்ததேயன்றிக் கரு சரிபார்த்ததன்று.

இவற்றையன்றி வேறு குறைகளும் உண்டு. லினக்சிலே தனியே பதியப்படும் சுருக்கப்பெயர் 15 எழுத்துக்களோடு நின்றுவிடும். துணைச்சொற்களைக் காட்டும் கோப்பும் 2015ஆம் ஆண்டிலே வெளிவந்த 4.2 என்னும் பதிப்புக்கு முன்னர் 4096 பைற்றுக்களுக்கு மேற்காட்டியதில்லை. சொலாரிஸ் முறைமையின் இடாப்பு 80 எழுத்துக்களையே பேணியது; முழுவதையும் காண ‘பீ ஆக்ஸ்’ என்னும் தனிக்கட்டளை தேவைப்பட்டது. இறந்தும் பெற்றோரால் இன்னும் கணக்குத் தீர்க்கப்படாத செயன்முறைகளுக்கும், கருவின் உள்வேலைகளுக்கும் துணைச்சொற்களே இல்லை. அவற்றின் பெயர்களைப் ‘பீ எஸ்’ சதுர அடைப்புக்குறிக்குள்ளே காட்டும். எனவே, துணைச்சொல் ஒரு சாட்சியின் வாக்குமூலத்தை ஒத்தது. பயனுள்ளதுதான்; ஆனால், வேறு சான்றோடு ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும். லினக்சிலே அதே உட்கோப்பகத்தில், உண்மையிலே இயங்கும் செய்நிரற் கோப்பு எதுவெனக் காட்டும் இணைப்பு ஒன்றுண்டு. கருவே தரும் அச்சான்றோடு வாக்குமூலம் முரண்படின் ஐயுறுதல் முறை.

இதுவரை கூறியது காண்போரின் பயன். இனிக் காணப்படுவோரின் இடர் பற்றிச் சொல்லுதல் வேண்டும். இப்பொருளின் உயிர்நிலை அதுவே.

அலுவலகம் ஒன்றிலே ஊழியர் சம்பள விவரங்கள் தரவுத்தளம் ஒன்றில் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வோர் இரவும் அவற்றைப் படியெடுத்து வைக்கும் வேலை பொறுப்பான இலிகிதர் ஒருவருக்கு உரியது. இரவிலே விழித்திருக்க இயலாமையால், நள்ளிரவிலே தானாக இயங்கும்படி ஒரு கட்டளையை எழுதிவைக்கிறார். தரவுத்தளம் கடவுச்சொல் கேட்கும். பதில் சொல்ல அவ்வேளையிலே யாரும் இரார். ஆதலால், கடவுச்சொல்லையும் துணைச்சொல்லாகக் கட்டளையிலேயே சேர்த்துவிடுகிறார். வேலை செவ்வனே நடக்கின்றது. கட்டளை எழுதிய கோப்பைப் பிறர் படிக்கவியலாதவாறு பூட்டியும் வைக்கிறார். தாம் யாவும் சரியாகச் செய்ததாகவே அவர் எண்ணுகிறார்.

ஆனால், நள்ளிரவிலே அக்கட்டளை செயன்முறையாக உயிர்பெறும்போது கடவுச்சொல் இடாப்பிலே ஏறிவிடுகின்றது. அதே கணினியிலே கணக்குடைய பயிற்சி மாணவர் ஒருவர் அவ்வேளையில் ‘பீ எஸ்’ என்று தட்டினால், எல்லாருடைய சம்பளத்தையும் திறக்கும் சாவி அவர் திரையிலே எழுத்துக்கு எழுத்து வந்து நிற்கும். அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. எந்த விதியையும் மீறவில்லை. யாவரும் பார்க்கத்தக்க இடாப்பைப் பார்த்தார், அவ்வளவே. உறையிட்டு ஒட்டவேண்டிய கடிதத்தைத் தபாலட்டையிலே எழுதிய குற்றம் எழுதியவருடையதே.

அந்த வேலை சில விநாடிகளில் முடிந்துவிடுமே, அதற்குள் யார் காணப்போகிறார்கள் என்று சிலர் அமைதி கொள்வர். அவ்வமைதி பொய்யானது. இடாப்பை விநாடிக்குப் பலமுறை வாசித்துப் புதிதாய் வந்ததைக் குறித்துக்கொள்ளும் சிறு செய்நிரலை எழுதுதல் எவருக்கும் எளிது. மனிதர் உறங்கினாலும் அஃது உறங்காது.

செய்நிரல்களை ஆக்குவோர் இவ்விடரை அறியாதவர் அல்லர். 1995ஆம் ஆண்டில் வெளிவந்து பெயர்பெற்ற ‘மைஎஸ்கியூஎல்’ தரவுத்தளத்தின் துணைக்கருவிகள், துணைச்சொல்லாக வந்த கடவுச்சொல்லைப் பெற்றுக்கொண்டதும் அவ்விடத்தை வேறு குறிகளால் மேலெழுதிவிடுகின்றன. செயன்முறை தன் சுவரைத் தானே அழிக்கலாம் என்னும் அதே இயல்பு இங்கே நன்மைக்குப் பயன்படுகின்றது. ஆயினும், ஏவப்பட்ட கணத்துக்கும் அழிக்கப்படும் கணத்துக்கும் இடையே ஒரு சிறு பொழுது உண்டு. அப்பொழுதிலே சொல் வெளிப்பட்டே நிற்கும் என்று அதன் கைந்நூலே எச்சரிக்கின்றது.

இடாப்பிலிருந்து நீங்கியதாலும் இடர் நீங்குவதில்லை. தட்டெழுதிய கட்டளைகளை ‘பாஷ்’ முதலிய கட்டளை ஓடுகள் வரலாற்றுக் கோப்பு ஒன்றிலே சேமித்து வைக்கின்றன. பாதுகாப்புக் கண்காணிப்பு உள்ள இடங்களிலே, ஏவப்பட்ட கட்டளைகள் துணைச்சொற்களோடு பதிவேட்டில் எழுதப்படுவதுமுண்டு. விண்டோசிலும் 2013ஆம் ஆண்டில் வெளிவந்த 8.1 என்னும் பதிப்பு முதலாக, செயன்முறை பிறக்கும் நிகழ்ச்சியோடு அதன் கட்டளை வரியையும் பதிவு செய்யும் வசதி அமைந்துள்ளது. குற்றவாளியைத் தேடுவோருக்கு அப்பதிவேடு பெருந்துணை. ஆனால், கட்டளையிலே கடவுச்சொல்லை எழுதியவருக்கு அது நீங்காத வடு.

எனின், செய்யத்தக்கது யாது? இரகசியத்தைத் துணைச்சொல்லாக்காது வேறு வழியால் வழங்குதலே முதல் விதி. மனிதர் அருகிலே இருப்பின், செய்நிரலே கேட்க, அவர் திரையிலே எழுத்துத் தோன்றாதவாறு தட்டெழுதலாம். மனிதர் இல்லாதவிடத்து, கடவுச்சொல்லைத் தனிக்கோப்பிலே எழுதி, உரியவர் மாத்திரம் படிக்குமாறு அனுமதியை வரையறுத்து, அக்கோப்பின் பெயரைத் துணைச்சொல்லாகக் கொடுக்கலாம். அப்பொழுது இடாப்பைப் படிப்பவர் பெட்டகம் இருக்கும் இடத்தை அறிவார், பெட்டகத்தைத் திறக்கமாட்டார். உட்செலுத்தும் வாயில் வழியே, அதாவது செய்நிரல் உள்ளீடு பெறும் ஓடையிலே, கடவுச்சொல்லை ஊற்றுதலும் உண்டு.

சூழல் மாறிகள் எனப்படும் மற்றொரு வழியையும் பலர் கையாளுவர். செயன்முறை பிறக்கும்போது துணைச்சொற்களோடு கூடவே கொடுக்கப்படும் குறிப்புக்கள் அவை. லினக்சிலே அவற்றைக் காட்டும் கோப்பை உரிமையாளரும் தலைமை நிருவாகியும் மாத்திரமே படிக்கலாம். ஆதலின் அவை துணைச்சொற்களிலும் பாதுகாப்பானவை. ஆனால், அவை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கும் பிள்ளையிடமிருந்து பேரனுக்கும் இயல்பாக வழிவழி செல்வன. தேவையற்ற கைகளிலும் அவை சென்றடையக்கூடுமாகையால் எச்சரிக்கை வேண்டும்.

கணினியை ஆளுவோர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. 2012ஆம் ஆண்டிலே வெளிவந்த லினக்ஸ் 3.3 பதிப்பு முதலாக, ‘புரொக்’ கோப்பகத்தை ஏற்றும்போது ‘ஹைட் பிட்’ என்னும் தெரிவை இடலாம். அதன் பெறுமானம் 0 ஆயின் பழைய வழக்கமே நிலவும். 1 ஆயின் பிறருடைய செயன்முறை எண்கள் தெரியும்; உள்ளே புக இயலாது. 2 ஆயின் பிறருடைய செயன்முறைகள் இருப்பதே புலப்படாது. எனினும் தலைமை நிருவாகியின் கண்ணுக்கு எந்நிலையிலும் திரையில்லை. ஒரே பயனர் பெயரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இடங்களிலும் இதனாற் பயனில்லை. மேலும், இன்ன கணினியிலே இத்தெரிவு இடப்பட்டிருக்கும் என்று நம்பிக் கட்டளை எழுதுதல், பக்கத்து வீட்டாரின் நற்குணத்தை நம்பிக் கதவைத் திறந்துவைத்து உறங்குதலை ஒக்கும்.

இடாப்பு திறந்திருப்பது குறையா, நன்மையா என்று கேட்பின், இரண்டும் என்பதே விடை. அது திறந்திருப்பதனாலேயே சிக்குண்ட சேவையை மீட்கவும், தவறான அமைப்பைத் திருத்தவும், ஒளிந்திருக்கும் கள்ளச் செய்நிரலைப் பிடிக்கவும் இயலுகின்றது. அதே வாயிலினூடாகவே கவனமற்றோரின் இரகசியமும் வெளியேறுகின்றது. வாயிலை முற்றாக அடைத்தலன்று தீர்வு; வாயிலிலே வைக்கத்தகாததை வைக்காதிருத்தலே தீர்வு.

பொதுவிடத்திலே நின்று ஒருவரை ஏவும்போது, பலர் செவிக்கும் எட்டும் என்பதை அறிந்தே பெரியோர் சொல்லைத் தேர்ந்து சொல்லுவர். ‘அலுமாரியிலுள்ள பணத்தை எடுத்து வா, சாவி விளக்கின் கீழே இருக்கின்றது’ என்று தெருவிலே நின்று உரத்துக் கூறுவார் யாருமில்லை. கணினி முன்னே தனித்து அமர்ந்திருப்பவருக்குத் தாம் தனித்திருப்பதாகவே தோன்றுகின்றது. உண்மை அவ்வாறன்று. அவர் இடும் ஒவ்வொரு கட்டளையும் பலர் வாசிக்கும் இடாப்பிலே ஒரு வரியாகின்றது. அவ்வரியைப் படிக்கக் கற்றோர் கணினியை நன்கு ஆளுவர். அவ்வரி படிக்கப்படும் என்பதை மறவாதோர் தம்மையும் தம்மை நம்பியோரையும் காப்பர்.